குதிரைகளோடு போன செவலை

2024 ஜூன் மாதம் நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். கலிபோர்னியாவில் ஏதோ ஒரு மலைச்சரிவு. எல்க் என்கிற பெரிய சாதி மான்கள் கூட்டமாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் குதிரை உயரம். நடுவில், என்னவோ பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிற மாதிரி, ஒரு கழுதை. வீட்டில் வளர்த்த கழுதை, பெயர் டீசல். 2019இல் வளர்த்தவரோடு மலைப்பக்கம் போன இடத்தில் எதற்கோ மிரண்டு ஓடியிருக்கிறது. வாரக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து ஒரு வேட்டைக்காரர் எடுத்த இந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் அது எங்கள் டீசல் என்று அந்த வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்தார்களாம். அதைவிட ஆச்சரியம், பிடித்துக்கொண்டு வரப்போவதில்லை, அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மாவிடம் காட்டினேன். இரண்டு தடவை போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். "நம்ம செவலை மாதிரி" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

செவலை கதையை இங்கே நான் எழுதியதே இல்லை. எழுதினால் யாராவது "இது உண்மையா" என்று கேட்பார்கள், எனக்கே அதில் பாதி சந்தேகம் இருக்கிறது என்பதுதான் காரணம். சரி, டீசலுக்காவது ஒரு வீடியோ இருக்கிறது.

எங்கள் வீடு வேதாரண்யத்தை ஒட்டிய அகஸ்தியம்பள்ளிப் பக்கம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியதற்கு நினைவுத் தூண் ஒன்று நிற்கிறதே, அதற்குக் கொஞ்ச தூரம்தான். வரைபடத்தில் பார்த்தால் காவிரி டெல்டா, பேச்சுக்குக் கடைமடை, ஆனால் காவிரித் தண்ணீர் எங்கள் கொல்லையில் பாய்ந்து நான் பார்த்ததில்லை. வானம் பார்த்த நெல், கொஞ்சம் தென்னை, நாலைந்து மா, அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை உப்பளம். மாடு என்றால் உம்பளச்சேரி மாடு. உம்பளச்சேரி என்பது தலைஞாயிறு பக்கத்தில் இருக்கிற ஊர், அந்த ஊர்ப் பேரே மாட்டுக்கும் பேராகிவிட்டது. கட்டையான உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நாலு காலிலும் வெள்ளை, வால் குஞ்சமும் வெள்ளை. உழவுமாட்டுக்குக் கொம்பை எடுத்துவிடுவார்கள், அதனால் மொட்டைமாடு என்றும் சொல்வார்கள். டெல்டாச் சேற்றில் நாள் முழுக்க உழும், ஆனால் பால் என்று பார்த்தால் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் கறந்தாலே பெரிய விஷயம்.

இந்த மாட்டில் ஒரு விசேஷம் உண்டு. கன்று பிறக்கும்போது செக்கச்செவேலென்று இருக்கும். சுட்டியும் கால் வெள்ளையும் பிறக்கும்போதே இருக்கும், உடம்பு மட்டும் செங்கல் நிறம். ஆறு மாதம் ஆக ஆக அந்தச் சிவப்பு கழன்று சாம்பலாகிவிடும். தெரியாதவர்கள் வேறு கன்று என்றே நினைத்துவிடுவார்கள். 2018இல் எங்கள் பசு ஒரு கிடேரி போட்டது. திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு "செவலை" என்று பேர் வைத்தாள். தீபாவளிக்கு வரும்போது அது செவலையாக இருக்காது பாப்பா என்று அம்மா சொல்லிப் பார்த்தாள், குழந்தை கேட்கவில்லை, எங்களுக்கும் வாயில் அதுவே ஒட்டிக்கொண்டது. தீபாவளிக்கு வந்தபோது உடம்பு அப்படியேதான் இருந்தது, கழுத்தில் மட்டும் லேசாகச் சாம்பல் தட்டியிருந்தது. அக்கா மகளுக்கு ஏக வெற்றி. பத்து நாளில் கஜா புயல் வந்தது.

கஜா பற்றி எங்கள் பக்கத்து ஆட்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள், நான் நீட்டவில்லை. 2018 நவம்பர் 15 ராத்திரி தொடங்கி 16 விடியற்காலைக்குள் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. காற்று கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தொழுவத்துக் கீற்று பறந்துவிட்டது. தூண் சாய்ந்தால் கட்டிய இடத்திலேயே மாடு நசுங்கிவிடும் என்று அப்பா வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வெளியே போனார், அரிவாளால் தும்பை அறுத்தார், முதலில் பசு, அப்புறம் கன்று. பசு வீட்டுச் சுவரோரம் ஒண்டியதை நான் பார்த்தேன். கன்று எந்தப் பக்கம் போனது என்று அப்பாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. விடிந்து பார்த்தால் கொல்லையில் நாற்பது தென்னையில் நின்றது மூன்று. பசு உப்பளத்து வரப்பில் முழங்கால் தண்ணீரில் நின்றது. செவலை இல்லை.

நாலு நாள் தேடினோம். கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு முழுக்க மரம். கன்றுக்குட்டியைத் தேடுகிறேன் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, அவனவன் வீட்டுக் கூரையைத் தேடிக்கொண்டிருந்தான். பசுவானால் ராத்திரியெல்லாம் கத்தும். நாட்டு மாடு கன்று முட்டாமல் பால் சுரக்காது, தெரியும்தானே. அம்மா மடியைத் தடவித் தடவிப் பார்த்தாள், மூன்றாம் நாளோடு வற்றிவிட்டது. "பசுவ அவுத்தீங்க, சரி. கன்னுக்குட்டிய ஏன் அவுத்தீங்க, அது மூலையில படுத்துக் கெடந்திருக்கும்ல" என்று அப்பாவிடம் கேட்டாள். அந்த ஒரு கேள்வியை அப்பா இருந்தவரைக்கும் கேட்டாள். அவர் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தார்கள். செத்த மாடு எத்தனை, ஆடு எத்தனை, போட்டோ இருக்கிறதா. ஒரு கன்று காணவில்லை என்று நான் ஆரம்பித்தேன். எழுத வந்த பையன் நல்லவன், காணவில்லை என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை அண்ணே, செத்ததாக எழுதிக் கேட்டுப் பார்க்கட்டுமா என்றான். அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "அந்தக் கணக்குல எழுதாதீங்க தம்பி. செத்தத யாரு பாத்தா?"

இனி 2022. பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்கழி, தை மாதங்களில் கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். உள்ளூர்க்காரன் போகமாட்டான், அக்கா குடும்பம் வந்திருந்ததால் நாங்களும் போனோம். சரணாலயத்துக்குள் சேறு காய்ந்து வெள்ளை பூத்த தரை, அதில் அங்கங்கே பச்சை, ஒரு பக்கம் பாலை மரமும் முட்புதரும். வெளிமான் கூட்டம் தூரத்தில் நின்றது. 1967இல் இந்தச் சரணாலயம் ஏற்படுத்தியதே பெரும்பாலும் இந்த மானுக்காகத்தான். காட்டுக்குள் ஒளிகிற மான் இல்லை இது, வெட்டவெளியில்தான் இருக்கும், பேரிலேயே இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் மட்டக்குதிரைகள், பதினொன்றோ பன்னிரண்டோ. அதில் ஒன்றுக்கு மட்டும் கொம்பு இருந்தது.

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. குதிரைக் கூட்டம் என்று பார்த்தால் கண் குதிரையாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போகும். அக்கா மகள்தான் (இப்போது பெரிய பெண்) "மாமா, ஒரு குதிரை அசைபோடுது" என்றாள்.

பறவை பார்க்க வந்த ஒரு சென்னைக்காரர் பைனாகுலரைக் கொடுத்தார். சாம்பல் நிற உம்பளச்சேரிப் பசு. சுட்டி இருக்கிறது, கால் வெள்ளை இருக்கிறது. ஆனால் அது எல்லா உம்பளச்சேரிக்கும்தானே இருக்கும். மூக்கில் கயிறு இல்லை, மூக்குக் குத்திய மாதிரியும் தெரியவில்லை, காதில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அடிக்கிற மஞ்சள் வில்லையும் இல்லை. இடது காது நுனியில் ஒரு விரல் அகலத்துக்குக் குறை இருந்தது. செவலை பிறந்த மாதமே எதிர்வீட்டு நாய் அதன் இடது காதைக் கவ்வியது உண்மைதான். அதே சமயம் கருவேல முள்ளும் நாயும் நரியும் இருக்கிற காட்டில் காது கிழியாத மாடு எது?

அம்மா பைனாகுலரை வாங்கவே இல்லை. கைகளை வாயருகே குவித்து "இந்தா... இந்தா... ம்பா" என்று கூப்பிட்டாள். தவிட்டுத் தொட்டிக்குக் கூப்பிடுகிற அதே குரல். குதிரைகள் எல்லாம் காதைத் திருப்பின. அந்த மாடு மட்டும் தலையை முழுசாகத் தூக்கி எங்களைப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் அம்மா ஐந்து நிமிஷம் என்பாள், நான் பத்து செகண்ட் என்பேன். அப்புறம் முன்னே போன குதிரைகளோடு போய்விட்டது.

"பாத்தியா?" என்றாள் அம்மா. மாடு என்றால் கூப்பிட்ட குரலுக்குத் தலை தூக்காதா, அது எந்த வீட்டு மாடாக இருந்தால் என்ன என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அப்பா அதற்கு முன்பே, 2020இல், போய்ச் சேர்ந்துவிட்டார். "அவரு அவுத்துவிட்டது இதுக்குத்தான்" என்று அவள் சொன்ன பிறகு காது நுனியைப் பற்றி நான் என்ன பேச?

அங்கே இருந்த வனக்காவலர் ஒருவரிடம் கேட்டோம். அவருக்கு அந்த மாட்டை நன்றாகத் தெரியும். "யாரு வீட்டு மாடுன்னு எங்களுக்கே தெரியலம்மா. ஊர் மாடு உள்ள மேயக் கூடாது, அதனால நாலஞ்சு தடவ வெரட்டி விட்டோம். சாயந்தரமே குதிரையோட நிக்கும்." ஊர் மாட்டை விரட்டுவதில் அவர்களுக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. மாட்டுக்குக் கோமாரி வந்தால் மானுக்கும் ஒட்டும், இரட்டைக் குளம்பு உள்ள எதற்கும் ஒட்டும். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, அதற்குக் கோமாரி வராது. செவலை மானோடு சேராமல் குதிரையோடு சேர்ந்தது அந்த வகையிலும் நல்லதாகப் போயிற்று என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

ஏன் குதிரை? இதைத்தான் ரொம்ப நாள் யோசித்தேன். காட்டில் இருப்பவை செவலை மாதிரி ஒரு வீட்டு மாட்டை ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும்? அப்புறம்தான் ஒன்று உறைத்தது, கேட்டால் சிரிப்பீர்கள். கோடியக்கரைக் குதிரைகளே காட்டுக்குதிரை கிடையாது. குதிரை என்ன நம் ஊர்க் காட்டு விலங்கா? யாரோ எப்போதோ வைத்திருந்து, விட்டுவிட்டோ தொலைத்துவிட்டோ போன வீட்டுக் குதிரைகளின் பேரன் பேத்திகள்தான் அத்தனையும். எப்படி வந்தன என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள், அதை விடுங்கள். அமெரிக்காவில் மஸ்டாங் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதுவும் ஸ்பானியர்கள் கொண்டுபோன குதிரைகளின் வம்சம்தான். ஆக, செவலை காட்டு விலங்குகளோடு போய்ச் சேரவில்லை. தனக்கு முன்னால் அவிழ்த்து விடப்பட்டவர்களோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. டீசல் கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், அது நிஜமாகவே ஒரு காட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்த கழுதை.

அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது போகிறோம், பார்க்க முடிவது பாதித் தடவைதான். ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். குதிரைக்கு மேலேயும் கீழேயும் முன்பல் உண்டு, புல்லைத் தரையோடு தரையாக நறுக்கிவிடும். மாட்டுக்கு மேல் முன்பல்லே கிடையாது, நாக்கால் சுருட்டி இழுக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் நீளப் புல் தேவை. அதனால் குதிரைகள் கட்டையாகக் கடித்துக்கொண்டே போக, செவலை ஓரமாக, அவை விட்ட தூர்களைத் தேடிக்கொண்டு போனது. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், மாடு மேய்ந்து முடித்தால் படுத்து அசைபோட வேண்டும். குதிரைக்கு அந்த வேலையே இல்லை, நாளில் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கும். செவலை ஒரு மேட்டில் படுத்துக் கண்ணை மூடி மென்றது. குதிரைகள் மெல்ல மெல்ல விலகி, ஒரு கட்டத்தில் நல்ல தூரம் போய்விட்டன. மென்றுகொண்டிருந்தது பாதியில் நிறுத்தியது, சுற்றிப் பார்த்தது, முன்காலை மடக்கி எழுந்து, உம்பளச்சேரி மாடு ஓடி நான் பார்த்தேயிராத வேகத்தில், மடி ஆட வால் தூக்கிக்கொண்டு ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டது. அங்கே போய் மறுபடி படுத்தது. இப்படி மூன்று தடவை. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போலந்தில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியில், பியாவோவியெசா காட்டுப்பக்கம், ஐரோப்பியக் காட்டெருதுக் கூட்டத்தில் ஒரு செம்பழுப்புப் பசு இருப்பதைப் பறவை ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்டது செய்தியானது. பண்ணையிலிருந்து தப்பி வந்தது. அங்கே இது வெறும் வேடிக்கையாக முடியவில்லை. அந்தக் காட்டெருது காட்டில் அடியோடு அழிந்து, அடைத்து வைத்திருந்தவற்றில் மிஞ்சிய 12 விலங்குகளின் வம்சத்திலிருந்து மீட்டெடுத்தது. அதில் வீட்டுப் பசுவின் ரத்தம் கலந்துவிட்டால் அத்தனை வருஷ உழைப்பு வீண். போதாக்குறைக்குக் கலப்புக் கன்று பெரிதாக வளர்ந்து, ஈனும்போது பசுவே செத்துப்போகலாம் என்ற பயமும் இருந்தது. குதிரைக்கும் மாட்டுக்கும் நடுவே அந்தக் கவலை கிடையாது.

"சந்தோஷமாக வாழ்கிறது" என்று இந்த மாதிரி வீடியோக்களுக்குக் கீழே எழுதுவார்கள். எனக்கு அந்த வார்த்தையில் கொஞ்சம் தயக்கம். பங்குனி, சித்திரையில் போய்ப் பாருங்கள். குளம் வற்றி, புல் கருகி, வனத்துறை தண்ணீர் ஊற்றி வைக்கிற தொட்டியைச் சுற்றி எல்லாம் நிற்கும். 2023 கோடையில் செவலைக்கு விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது, காதடியில் உண்ணி கொத்துக்கொத்தாக. ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று அன்று நிஜமாகவே யோசித்தேன், அம்மா பையில் புதுக் கயிறே வைத்திருந்தாள்.

ஆனால் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உழவுக்கு டிராக்டர் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இரண்டு லிட்டர் பாலுக்காக ஒரு மாட்டைக் கட்டித் தீனி போடுவது கட்டுப்படியாகாது. கொருக்கையில் அரசாங்கமே இந்த இனத்துக்கென்று பண்ணை வைத்துக் காப்பாற்றுகிற நிலைமை. 2020இல் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குச் செவலையின் தாயைச் சந்தையில் விற்றோம். வாங்கியவர் வளர்ப்புக்கா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செவலை அன்று தொழுவத்தில் இருந்திருந்தால் அதையும் அதே வண்டியில்தான் ஏற்றியிருப்போம். அதனால் கயிறு பையிலேயே இருந்தது. அம்மாவும் எடுக்கவில்லை.

டீசல் வீடியோவுக்கு அப்புறம், 2025 ஜனவரியில் மறுபடி போனோம். மழை நன்றாகப் பெய்திருந்தது, புல் கணுக்கால் உயரம். அம்மா ஒரு சின்னப் பையில் தவிடும் கொஞ்சம் பிண்ணாக்கும் எடுத்து வந்திருந்தாள், உள்ளே கொட்டக் கூடாது என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தும். குதிரைகள் ரோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் மேய்ந்தன. செவலை உடம்பு தேறி மினுமினுவென்று இருந்தது. அதன் பின்னங்காலுக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. குதிரைக்குட்டி என்று நினைத்தேன். வெளியே வந்தது செக்கச்செவேல் என்று ஒரு கன்று. நெற்றியில் சுட்டி, நாலு காலிலும் வெள்ளை. ஊர்க் காளை ஏதோ எப்போதோ உள்ளே வந்து போயிருக்கிறது.

அம்மா கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா அவிழ்த்துவிட்ட கன்று அப்படியே, ஒரு மயிர்கூட மாறாமல் வந்து நிற்கிற மாதிரி இருந்தது எனக்கே. கன்று ஒரு குதிரைக்குட்டியை முட்டியது, அது உதறிக்கொண்டு ஓட, இது பின்னாலேயே ஓடியது.

அதே வனக்காவலர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "என்னம்மா, வட்டியும் மொதலுமா ரெண்டாயிடுச்சு. ஓட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

"அது குதிரவூட்டுப் புள்ள தம்பி" என்றாள் அம்மா. "எங்கூட்டுக் கணக்குல அது வராது."

தவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டே வண்டியில் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு ஜெர்சிக்கு அதைப் போட்டாள். அது இரண்டு வாயில் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று பையை மோந்து பார்த்தது.